கிறிஸ்துமஸ் மரத்தைக் கட்டி வைத்தது யார்

டிசம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை, என் கணவர் மொட்டை மாடியிலிருந்து கிறிஸ்துமஸ் மரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் இறக்கினார். அதைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

பெட்டி எங்களுடையதுதான். பக்கவாட்டில் பழைய தண்ணீர்க் கறை இருந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஆனால் அதை மூடியிருந்த விதம் என்னுடையது இல்லை. நான் போன ஜனவரியில் பெட்டியை எப்படி மூடினேன் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் கோபத்தோடு மூடினேன். கிளைகள் உள்ளே அடங்கவில்லை. முழங்காலால் அழுத்தி, பழுப்பு டேப்பை ஏழெட்டு சுற்று சுற்றி, அப்படியும் வாய் பிளந்து நின்ற பெட்டியை, "எக்கேடோ கெட்டுப் போ" என்று தள்ளிவிட்டேன். இப்போது அந்த டேப்பெல்லாம் இல்லை. பெட்டி சமமாக மூடி, நெடுக்கும் குறுக்குமாகச் சணல் போட்டுக் கட்டியிருந்தது.

"இதை யாரு கட்டினா?" என்றேன்.

"நீதான் கட்டியிருப்ப" என்றார் கணவர்.

"நான் சணலே வாங்கினதில்லை."

"அப்போ யாரோ. நல்லாத்தானே கட்டியிருக்கு?"

அதுதான் என் பிரச்சினை. நான் இருபத்தாறு வருஷமாகத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாளில் தப்பாக இருக்கும் விடை என்னை அவ்வளவாக உறுத்தாது. எப்போதும் தப்பாகப் போடுகிற பிள்ளை திடீரென்று சரியாகப் போட்டிருந்தால்தான் உறுத்தும்.

அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறரை அடி உயரம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்கள் விற்கும் இடத்தில் வாங்கினோம். யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போனவர்களுடையதாம். எப்படி மாட்ட வேண்டும் என்று சொல்லும் காகிதம் எதுவும் கூட வரவில்லை. நடுவில் ஒரு இரும்புக் கம்பம். அதில் ஐந்து இடத்தில் வளையம். ஒவ்வொரு வளையத்திலும் கிளைகளைக் கொக்கி போல மாட்ட வேண்டும். எந்த வளையத்துக்கு எந்தக் கிளை என்று தெரிவதற்காகக் கொக்கி நுனியில் வண்ணம் பூசியிருந்தார்கள். எங்கள் கைக்கு வந்தபோதே அது பாதி உதிர்ந்திருந்தது.

அதனால் வருஷா வருஷம் எல்லாக் கிளைகளையும் ஹாலில் பரப்பி, நீளம் பார்த்துப் பிரிப்போம். எங்கேயாவது தப்பு வந்துவிடும். நீளமான கிளை மேலே போய்விடும். குட்டைக் கிளை நடுவில் மாட்டிக்கொள்ளும். மரம் வயிறு ஒட்டிப்போன ஆள் மாதிரி நிற்கும். மறுபடியும் கழற்றுவோம். ஸ்டாண்டுக்கு மூன்று போல்ட் வேண்டும், இரண்டுதான் இருந்தது. மூன்றாவதுக்குப் பதிலாக அட்டையை மடித்துச் செருகுவோம். மரம் எப்போதும் வாசல் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். சீரியல் லைட்டின் சிக்கை எடுப்பதற்குள் இருவரும் பேசுவதை நிறுத்திவிடுவோம். பண்டிகைக்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டை கட்டாயம்.

அந்தச் சனிக்கிழமை அப்படி இல்லை. சணலை அவிழ்த்தேன். உள்ளே கிளைகள் ஐந்து கட்டுகளாக இருந்தன. ஒவ்வொரு கிளையின் இலைகளும் காம்போடு சேர்த்து ஒரே பக்கமாக நீவிவிடப்பட்டு, ஒல்லியாக, குடை மடித்த மாதிரி இருந்தன. ஒவ்வொரு கட்டையும் ஒரு நிறத் துணிக்கீற்றால் கட்டியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. கம்பத்தின் வளையங்களிலும் அதே நிறத்தில் நூல் சுற்றியிருந்தது. சீரியல் லைட்டுகள் ஒரு அட்டையில் வரிசையாகச் சுற்றப்பட்டு, ப்ளக் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டின் காலில் ஒரு சின்னத் துணிப்பை கட்டியிருந்தது. அதற்குள் போல்ட்டுகள். எண்ணிப் பார்த்தேன், மூன்று. ஒன்று புத்தம் புதுசு.

"திருட வந்தவன் போல்ட் வாங்கி வச்சுட்டுப் போவானா?" என்று கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எதையாவது எடுத்தவன்தான் இப்படி அழகாக் கட்டி வைப்பான். சந்தேகம் வராம இருக்க" என்றேன்.

"உனக்கு அப்படியும் வந்துடுச்சே" என்று சொல்லிவிட்டு அவர் சிவப்புக் கட்டை எடுத்துக் கீழ் வளையத்தில் மாட்ட ஆரம்பித்தார். நாற்பது நிமிஷத்தில் மரம் எழுந்து நின்றது, நேராக. வாங்கிய நாளிலிருந்து அது அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை. கணவர் காபி போட்டுக்கொண்டு வந்தார். நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், எதைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு.

எதையும் காணவில்லை என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எத்தனை கிளை இருந்தது என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. கணக்கு டீச்சருக்கு அது வெட்கக்கேடுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, அலங்காரப் பந்துகளைத் தொங்கவிட உட்கார்ந்தபோது மற்ற விஷயங்கள் கண்ணில் பட்டன. கீழ்க் கிளை ஒன்றின் இடுக்கில் ஒரு காய்ந்த மல்லிகை மொட்டு. இன்னொரு கிளையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, விரலால் தடவினால் பொடியாக உதிர்ந்தது. பெட்டியின் அடியில் கொஞ்சம் கடுகு. முகர்ந்து பார்த்தேன். மரத்தில் சாம்பிராணி வாசனை வந்தது, அல்லது வருவதாக எனக்குத் தோன்றியது.

யாரோ எங்கள் மரத்தை வெளியே எடுத்திருக்கிறார்கள். எடுத்து எதற்கோ வைத்திருக்கிறார்கள். பூ, சந்தனம், கடுகு. அன்று பிற்பகல் முழுக்க என் மனம் எங்கெல்லாம் போயிற்று என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளிடம் மூடநம்பிக்கை பற்றிப் பேசுகிறவள் நான். செய்வினை, சூனியம் என்று யாராவது பேசினால் அந்த இடத்தை விட்டு எழுந்து போகிறவள். அப்படிப்பட்டவள் அன்று சாயங்காலம், கணவர் கடைக்குப் போன நேரத்தில், மரத்தின் முன்னால் நின்று ஒரு ஜெபம் செய்தேன். பிறகு ஈரத் துணியால் கிளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

எங்கள் அபார்ட்மென்ட் சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் போகும் தெருவில் இருக்கிறது. மொத்தம் ஆறே வீடு. நாங்கள் தரைத்தளம். மழை பெய்தால் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் தண்ணீர் வரும், அதனால் பெரிய பெட்டிகளை மொட்டை மாடியில் படிக்கட்டு முடியும் இடத்திலுள்ள சின்ன அறையில் வைத்திருப்போம். ஹெட்ரூம் என்று சொல்வோம். அந்த அறைக்கு மூன்று சாவி. ஒன்று செக்ரட்டரியிடம், மோட்டார் ஸ்விட்ச் அங்கே இருப்பதால். ஒன்று எங்களிடம். மூன்றாவது எங்களுக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருக்கும் அக்காவிடம், அவரும் சாமான் வைத்திருப்பதால்.

திங்கட்கிழமை காலை செக்ரட்டரியைக் கேட்டில் பிடித்தேன். முதுகுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், ஹெட்ரூம்ல எங்க பெட்டியை நீங்க யாராவது நகர்த்தினீங்களா?"

"நானா? என் முதுகையே தூக்க முடியல டீச்சர், உங்க பெட்டியை எங்க தூக்கறது?" என்றார். பிறகு யோசித்து, "ஒரு தடவை மோட்டார் போடப் போனப்போ பார்த்தேன். தரைல இருந்த உங்க பெட்டி பலகை மேல ஏறியிருந்தது. மேல பிளாஸ்டிக் ஷீட் வேற. நீங்கதான் வச்சீங்கன்னு நினைச்சேன். அங்க சீலிங் ஒழுகுதில்ல?" என்றார்.

சீலிங் ஒழுகுவதே எனக்குத் தெரியாது. மூன்று சாவியில் ஒன்று நான், ஒன்று இவர். மிச்சம் ஒருவர்தான்.

மேல் வீட்டு அக்காவோடு நான் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து ஒன்றரை வருஷமாகத் தனியாக இருக்கிறார். துக்கம் கேட்க என் கணவர்தான் போனார், நான் ஒரு மாலை கொடுத்தனுப்பியதோடு நிறுத்திக்கொண்டேன். சண்டை இதுதான். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் நாங்கள் வெளியே தொங்கவிட்டிருந்த காகித ஸ்டார் மேலே அவர் வீட்டுப் பூந்தொட்டித் தண்ணீர் கொட்டி, அது ஊறிக் கிழிந்துவிட்டது. மறு வாரமும் அதே மாதிரி. நான் கீழேயிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "வேணும்னேதான் பண்றீங்க. எங்க பண்டிகைன்னா உங்களுக்கு ஆகல" என்று சொல்லிவிட்டேன். அவர் பால்கனியிலிருந்து என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போனார். பதில் சொல்லாததால் நான் சொன்னது உண்மைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போட மாடிக்கு ஏறும்போது அவர் கதவுக்கு வெளியே பழைய பேப்பர் கட்டு ஒன்று இருந்தது, பேப்பர்க்காரருக்காக. சணலால் கட்டியது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். நெடுக்கும் குறுக்குமாக ஒரு சுற்று, சந்திக்கும் இடத்தில் இரண்டு திருகு, முடிச்சு போட்ட பிறகு மிச்ச நுனியை உள்ளே செருகியிருந்தது. எங்கள் பெட்டியில் இருந்த அதே கட்டு. இரண்டு விடைத்தாளில் ஒரே மாதிரி அடித்துத் திருத்தல் இருந்தால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அப்போதே கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன். கீழே வந்து, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "ஹெட்ரூமில் பூட்டி வைத்திருந்த எங்கள் பெட்டியை யாரோ எங்கள் அனுமதி இல்லாமல் திறந்து, உள்ளே இருந்த பொருளை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாவி வைத்திருப்பவர்கள் விளக்கம் தரவும்." இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பெயர் இல்லை. ஆனால் படிக்கிற எல்லோருக்கும் புரியும். அனுப்பினேன்.

இரண்டாம் மாடியிலிருந்து யாரோ அதிர்ச்சி முகம் போட்டார்கள். செக்ரட்டரி, "நான் இல்லை" என்று எழுதினார். மேல் வீட்டு அக்கா படித்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் வரவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது செக்ரட்டரி கேட்டிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு சாவி.

"மேல் வீட்டம்மா குடுத்துட்டாங்க, டீச்சர். இனிமே ஹெட்ரூம் சாவி தனக்கு வேணாமாம். அவங்க சாமானை நாளைக்கே எடுத்துடறாங்களாம். குரூப்ல இருந்தும் வெளிய போயிட்டாங்க." கொஞ்சம் தயங்கி, "என்ன டீச்சர் எடுத்துட்டாங்க, பெரிசா ஏதாவதா?" என்று கேட்டார்.

"கிறிஸ்துமஸ் மரம்" என்றேன்.

"திருப்பித் தரலியா?"

"தந்துட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன், ஜெயித்தவள் மாதிரிதான் சொன்னேன். அவர் அந்தக் குழுவைத் திறந்து பார்க்கிறவரே இல்லை. என் போனை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை ஏன் போட்ட?" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

அவர் போனை என்னிடம் திருப்பி நீட்டினார். அப்போதுதான் எனக்கு அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. ஐந்து கட்டு, ஐந்து நிறம். எந்த நிறம் எந்த வளையத்துக்கு என்று நான் கம்பத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் சிவப்பைக் கீழ் வளையத்தில் மாட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் கம்பத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன். "சிவப்பு கீழன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

பிறகு அவர் சொன்னார். நவராத்திரி சமயம், பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை. நான் என் தங்கையின் ஆபரேஷனுக்காக நாகர்கோவிலில் பன்னிரண்டு நாள் இருந்தேன். ஒருநாள் காலை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க இவர் மாடிக்குப் போயிருக்கிறார். ஹெட்ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே மேல் வீட்டு அக்கா, தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கொலு பொம்மைப் பெட்டி. சீலிங் ஒழுகியதில் மண் பொம்மைகள் எல்லாம் கரைந்து, வண்ணமும் சேறும் ஒன்றாகிப் போயிருந்தன. மரப்பாச்சி, சின்னச் சின்ன மரப் பொம்மைகள் மட்டும் மிச்சம்.

"முந்தின வருஷம் துக்கத்துனால கொலு வைக்கல. இந்த வருஷம் வைக்கலாம்னு எடுத்தாங்க. அழல. ஒவ்வொண்ணா எடுத்து, இது இன்ன பொம்மைன்னு சொல்லிச் சொல்லிக் கீழ வச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு நிக்க முடியல. நம்ம பெட்டி பக்கத்துல இருந்துது. அக்கா, இந்த மரத்தை எடுத்துக்கங்க, இந்தச் சின்னப் பொம்மைங்களை இதுல தொங்க விட்டுக் கீழ பார்க் மாதிரி பண்ணிடலாம்னு சொன்னேன். டீச்சரைக் கேக்காம தொட மாட்டேன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"கேட்டுட்டேன், சரின்னுட்டான்னு சொன்னேன்."

"என்னைக் கேக்கவே இல்லையே."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எதற்குக் கேட்கிறார்கள், உள்ளே என்ன எண்ணம் என்று நூறு கேள்வி கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இவர் பொய் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நான் சரி என்று சொன்னதாக நம்பியிருக்கிறார். நம்பி, நன்றியாக மரத்தை அப்படிக் கட்டி வைத்து, நனையாத மாதிரி பலகை மேல் ஏற்றி, போல்ட் வாங்கிப் போட்டு, நான் ஒரு வார்த்தை பேசுவேன் என்று இரண்டு மாதம் காத்திருக்கிறார். நான் எல்லோர் முன்னாலும் அவரைத் திருடி ஆக்கிவிட்டேன்.

"நீங்க போய்ச் சொல்லுங்க, எல்லாம் உங்க தப்புன்னு" என்றேன்.

"போறேன். ஆனா எழுதினது நீதானே" என்றார்.

அன்று சாயங்காலமே நான்தான் மேலே போனேன். மணியை அடித்தேன். மரக்கதவு திறந்தது, இரும்பு கிரில் திறக்கவில்லை. அதன் பின்னால் அக்கா நின்றார். கையில் மடித்துக்கொண்டிருந்த துண்டு.

"சொல்லுங்க" என்றார். வாங்க என்று சொல்லவில்லை.

"அந்த மெசேஜ் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எது தப்பு? நான் எடுத்தது நிஜம்தானே. பெட்டியைத் திறந்ததும் நிஜம்." குரல் உயரவே இல்லை. "நீங்க சரின்னு சொன்னதா உங்க வீட்டுக்காரர் சொன்னார். சரின்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் கழிச்சு இப்படிப் போட்டா, நான் என்னன்னு எடுத்துக்கறது? உள்ள எதையோ வச்சுக்கிட்டுத்தான் சரின்னு சொன்னீங்களோன்னு நேத்து முழுக்க யோசிச்சேன்."

நான் சந்தேகப்பட்ட மாதிரியே அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. ஆமாம், நான்தான் சரி என்றேன், மறந்துவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அது எல்லோருக்கும் வசதி. ஆனால் அவர் பார்வையைப் பார்த்தால் அந்தப் பொய் நிற்காது என்று தோன்றியது.

"அவர் என்னைக் கேக்கவே இல்லக்கா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். பெட்டியைப் பார்த்துட்டு நீங்க என்னவோ பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். கேட்டிருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவர் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அது எனக்கும் தெரியும், டீச்சர்" என்றார். "அதான் நீங்க சரின்னீங்கன்னதும் எனக்கு அவ்ளோ ஆச்சரியமா இருந்துது."

கிரில்லைத் திறந்தார்.

உள்ளே சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்தேன். அவர் காபி கொடுக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அவர் வீட்டு ஹாலின் மூலையில் எங்கள் மரம். பந்துகளுக்குப் பதிலாகச் சின்ன மரப் பொம்மைகள், செப்புச் சாமான்கள், நடுவில் மல்லிகைச் சரம். கீழே தட்டில் மண் பரப்பி முளைக்கவிட்ட கடுகு, பச்சைப் புல் மாதிரி. அதன் நடுவில் மரப்பாச்சி ஜோடி. எனக்கு அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வருஷம்கூட அது அவ்வளவு அழகாக இருந்ததில்லை என்பதும் உறுத்தியது.

"அந்த போல்ட்?" என்று கேட்டேன்.

"மரம் சாஞ்சுக்கிட்டே இருந்துது. பொம்மை விழுந்துடும்னு பயம். இருக்கிற போல்ட் ஒண்ணை எடுத்துக்கிட்டுக் குரோம்பேட்டையில நாலு கடை ஏறி எறங்கினேன். நாலாவது கடையில கெடைச்சுது." பிறகு, நான் எழுந்தபோது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த ஸ்டார் விஷயம். தொட்டிக்கு என் வீட்டுக்காரர்தான் தண்ணி ஊத்துவார். கை நடுங்கும் அவருக்கு. வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருந்தார். அதான் அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல."

நான் படியிறங்கி வீட்டுக்கு வந்து, குழுவில் இன்னொரு செய்தி எழுதினேன். மரத்தை என் கணவர்தான் கொடுத்தார், அது தெரியாமல் நான் எழுதிவிட்டேன், என் மேல்தான் தப்பு என்று. முதல் செய்தியைவிட அதை எழுத அதிக நேரம் எடுத்தது. சாவியைச் செக்ரட்டரியிடமிருந்து வாங்கி மறுநாள் அக்காவிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குழுவில் மட்டும் திரும்பச் சேரவில்லை. "அது இல்லாம நிம்மதியா இருக்கு" என்றார். கணவரோடு நான் அந்த கிறிஸ்துமஸ் வரை அளந்துதான் பேசினேன்.

ஜனவரியில் மரத்தைக் கழற்றும் நாள், கூப்பிடாமலேயே அக்கா சணல் கண்டோடு கீழே வந்தார். வந்தது உதவிக்கா, அல்லது நான் மறுபடி டேப் ஒட்டிவிடுவேன் என்ற சந்தேகத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் செய்வதைப் பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு எளிது என்று புரிந்தது. உச்சி வளையத்திலிருந்து கழற்ற ஆரம்பித்தார். ஒரு வளையத்தின் கிளைகளை முழுக்கக் கழற்றி, நீவி, துணிக்கீற்றால் கட்டிய பிறகுதான் அடுத்த வளையம். எதையும் தரையில் பரப்பவில்லை. நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலும் எத்தனை கிளை என்று எண்ணி ஒரு காகிதத்தில் எழுதினேன்.

"எண்ணிக்கிட்டீங்களா?" என்றார் சிரிக்காமல்.

"எண்ணிக்கிட்டேன்" என்றேன்.

பெட்டியில் வெள்ளைக் கட்டை அடியிலும் சிவப்பை மேலேயும் வைத்தார். "முதல்ல எறங்க வேண்டிய ஊர் தபால் மூட்டை மேலதான் இருக்கணும். இல்லன்னா வழியெல்லாம் எல்லாத்தையும் கலைக்கணும். சர்வீஸ் பூரா இதைத்தான் பார்த்தேன்" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது. முழங்கால் தேவைப்படவில்லை.

"ஹெட்ரூம் வேணாம், இன்னும் ஒழுகுது" என்றார். "என் வீட்டுப் பரண் காலியாத்தான் இருக்கு."

அதைக் கேட்டதும் என் உள்ளே பழைய ஆள் எழுந்து நின்றாள். ஏன் அவர் வீட்டில்? நவராத்திரிக்குக் கேட்காமலே எடுத்துக்கொள்ளவா? தரைத்தளத்தில் தண்ணீர் வரும், ஹெட்ரூமில் ஒழுகும், வேறு இடம் இல்லை என்பதெல்லாம் தெரிந்தும் நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சரி என்றேன். கணவர் பெட்டியை மேலே தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய், பரணில் எந்த இடத்தில் வைக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

செப்டம்பர் கடைசியில் அக்கா கீழே வந்து மணி அடித்தார். பெட்டி அவர் தலைக்கு மேலேயேதான் இருந்தது, இருந்தும் வந்து கேட்டார். என் கணவர் உள்ளேயிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எடுத்துக்கங்கக்கா" என்றேன்.

கொலுவுக்குக் கூப்பிட்டார், போனேன். வெளியே மழை. அந்த வருஷம் அவர் சில மண் பொம்மைகள் புதிதாக வாங்கியிருந்தார், இருந்தும் மரம் மூலையில் நின்றது. பக்கத்து நாற்காலியில், சிட்லபாக்கத்தில் வேறு தெருவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி. மரத்தைப் பார்த்தார், என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார், மறுபடி மரத்தைப் பார்த்தார்.

"இது கிறிஸ்துமஸ் மரமாச்சே. உங்களோடதா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமா."

"இதைக் கொலுவுக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"கேட்டாங்க, குடுத்தேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆனால் புருவம் இறங்கவில்லை. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, இந்த அம்மா அதைச் சொல்லவில்லை என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது. இன்னும் இரண்டு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நான் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன், கேட்கட்டும் என்று.